எக்ஸ்ரே நார்மல்... அப்புறம்?

வழக்கமாக வீட்டுக்கடன், இன்ஷூரன்ஸ், டிரான்ஸ்ஃபர் புலம்பல் என்று எழுதுகிற ஆள் நான். இன்றைக்கு எலும்பு. பி.காம் படித்துவிட்டு வங்கியில் அதிகாரியாக இருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வைத்தியம் சொல்ல வரவில்லை. ஊரை விட்டு வந்து நாக்பூர், போபால், புனே, சூரத் என்று குடியிருக்கும் நம் மாதிரிக் குடும்பங்களில், வீட்டுப் பெரியவருக்கு அடுத்த ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற இடம் ஒன்று வருமே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் ஆறாத புண், அல்லது ராத்திரியில் படுத்தாலும் விடாத முதுகுவலி. முதல் வாரத்திலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. 'நார்மல்' என்று சொல்லிவிட்டார்கள். அதோடு எலும்பில் கிருமி இல்லை என்று ஃபைலை மூடுவது தப்பு. 'நார்மல் சரி, அடுத்து எப்போது, எதை வைத்துப் பார்ப்போம்?' என்று ஒரு தேதியோடு பதில் வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன்.

எக்ஸ்ரே ஏன் லேட்டாகச் சொல்கிறது?

எலும்பில் கிருமி புகுந்து சீழ் வைப்பதற்கு ஆஸ்டியோமைலைடிஸ் என்று பெயர். கிருமி முதலில் உட்காருவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மஜ்ஜையில், அல்லது புண் வழியாக வந்தால் எலும்பின் மேல்தோலில். எக்ஸ்ரேவுக்குத் தெரிவது மஜ்ஜை இல்லை, சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்புச் சத்து அந்த இடத்தில் 30 முதல் 50 சதவிகிதம் வரை கரைந்த பிறகுதான் படத்தில் ஓட்டை மாதிரித் தெரியும். அதற்குச் சாதாரணமாகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்கு முன்னால் எடுத்தால் சுற்றியுள்ள சதை வீங்கியிருப்பது தெரியலாம். எலும்பு பளிச்சென்று இருக்கும்.

நம்ம தொழிலில் இதற்கு அச்சு அசலாக ஓர் உதாரணம் உண்டு. கடன் வாங்கியவர் தவணை கட்டவில்லை. அந்தக் கணக்கு கெட ஆரம்பித்தது முதல் தவணை தவறிய நாளில். ஆனால் 2004 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பொதுவாக 90 நாள் தாண்டிய பிறகுதான் அது வாராக்கடன் என்று கணக்கில் ஏறும். அதுவரை பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிறவருக்கு எல்லாம் சுகம். இந்த இடைவெளி ஆபத்தானது என்று தெரிந்துதான் ரிசர்வ் வங்கி 2014-ல் எஸ்.எம்.ஏ. என்ற வகையைக் கொண்டு வந்தது. கெட்டுப் போவதற்கு முன்பே, முதல் 30 நாளுக்குள்ளேயே, நோய்வாய்ப்பட்ட கணக்கை அடையாளம் காட்டுகிற பட்டியல் அது. எக்ஸ்ரே என்பது பேலன்ஸ் ஷீட். எம்.ஆர்.ஐ என்பது எஸ்.எம்.ஏ. பட்டியல்.

எம்.ஆர்.ஐ எலும்புக்குள் இருக்கும் தண்ணீரையும் கொழுப்பையும் வைத்துப் படம் போடுகிறது. மஜ்ஜையில் நீர் கோர்த்தாலே காட்டிக்கொடுத்துவிடும். தொற்று ஆரம்பித்த மூன்று முதல் ஐந்து நாளிலேயே மாற்றம் தெரிய வாய்ப்பு உண்டு. சர்க்கரைப் பாதப் புண்களில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், எலும்பில் உண்மையிலேயே தொற்று இருக்கும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேரை எம்.ஆர்.ஐ பிடிக்கிறது. எக்ஸ்ரே பிடிப்பது கிட்டத்தட்ட பாதிப் பேரைத்தான். மீதிப் பாதிப் பேர் கையில் 'நார்மல்' என்று எழுதிய காகிதத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

பாதம்: ஒரு விரலின் கணக்கு

என் மனைவியின் பெரியப்பாவுக்கு வயது 66. இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. கோடையில் கோவில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றியதில் பெருவிரல் அடியில் கொப்புளம், அப்புறம் புண். ஊரில் ஒரு மருத்துவமனையில் ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். 'எலும்பு நல்லா இருக்கு' என்று சொல்லி, மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். விரல் முழுக்க வீங்கிச் சிவந்து, பார்க்கவே கொத்துக்கறி மாதிரி இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றதும் பையிலிருந்து அந்த எக்ஸ்ரே கவரை எடுத்து நீட்டினார். "எலும்புல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே மாப்பிள்ளை, எதுக்கு மறுபடி செலவு?"

இங்கே சர்ஜன் முதலில் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. நுனி மழுங்கிய ஒரு மெல்லிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார். 'டிக்' என்று கல்லில் தட்டுவது போல எலும்பில் தட்டியது. மாமாவுக்கு வலிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சீழ் பிடித்த புண்ணில் கம்பி எலும்பைத் தொட்டால், எலும்பிலும் தொற்று இருக்க நிறைய வாய்ப்பு. செலவு ஒன்றும் இல்லாத பரிசோதனை. அதோடு ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். பார்த்தார்கள். 70-க்கு மேல் போனால் இந்த மாதிரிப் புண்ணில் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். அவருக்கு அதைத் தாண்டியிருந்தது. பிறகு புது எக்ஸ்ரே. பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், எனக்கே தெரிந்தது. முதல் படத்தில் இருந்த விரல் எலும்பின் நுனி இரண்டாவது படத்தில் கரையான் அரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ? தொற்று இருக்கிறதா என்று கேட்க இல்லை, அது எக்ஸ்ரேவிலேயே தெரிந்துவிட்டது. எதுவரை போயிருக்கிறது என்று கேட்கத்தான். விரலுக்குப் பின்னால் இருக்கும் பாத எலும்பு சுத்தமாக இருந்தது. அதனால் விரலோடு நின்றது. பாதம் தப்பித்தது. மாமா இப்போது பிரத்தியேகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

முதல் எக்ஸ்ரே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஐந்தாம் நாள் அதனால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அது வீண் செலவும் இல்லை. அந்தப் பழைய படம் கையில் இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. குறை எங்கே என்றால், அந்த 'நார்மல்' எத்தனை நாளைக்குச் செல்லும் என்று யாரும் அவரிடம் சொல்லாததில்.

இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்த இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னது. நம் எல்லோர் வீட்டிலும் ஓர் ஆள் அந்தக் கணக்கில் உண்டு. அந்த ஒருவருக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதுகு: 'குடைச்சல்' என்ற சொல்

குழந்தைகளுக்கு எலும்புத் தொற்று வந்தால் பெரும்பாலும் கை கால் நீள எலும்புகளில் வரும். பெரியவர்களுக்கு ரத்தம் வழியாகக் கிருமி பரவினால் அது அதிகம் போய் உட்காருவது முதுகெலும்பில். சிறுநீர்த் தொற்று வந்தவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், சர்க்கரை உள்ளவர் இவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற சாதாரணக் கிருமிதான் உலகம் முழுக்க முதல் குற்றவாளி. நம் நாட்டில் அதோடு காசநோயையும் சேர்த்தே நினைக்க வேண்டும். குஜராத், பஞ்சாப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: காய்ச்சாத பாலில் வரும் புரூசெல்லா கிருமியும் முதுகெலும்பைப் பிடிக்கும். டாக்டர் கேட்டால் பச்சைப் பால் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இங்கே நம் மாதிரி வெளிமாநிலக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மொழி.

அம்மா தமிழில் சொல்வார்: "பிடிப்பு இல்லடா, உள்ளுக்குள்ள குடைச்சல். படுத்தா ஜாஸ்தியாகுது." இதைக் கூட்டிக்கொண்டு போனவர் டாக்டரிடம் இந்தியில் சொல்லும்போது "கமர் மே தர்த் ஹை" என்று நாலு வார்த்தையாகச் சுருங்கிவிடும். பிடிப்பு என்பது தசை. அசைந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். குடைச்சல் என்பது வேறு. ஓய்விலும் விடாத, ராத்திரி எழுப்பிவிடுகிற வலி. தொற்றையோ கட்டியையோ சந்தேகப்பட வைக்கிற துப்பே அதுதான். மொழிபெயர்ப்பில் அந்தத் துப்பு கழன்று விழுந்துவிடுகிறது. டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் காதில் விழுந்தது வெறும் முதுகுவலி. எனவே வலி எப்போது கூடுகிறது, படுத்தால் குறைகிறதா, ராத்திரி தூக்கம் போகிறதா, எடை குறைந்திருக்கிறதா, சாயங்காலக் காய்ச்சல் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. முதுகெலும்புத் தொற்று உள்ள பலருக்குக் காய்ச்சலே இருக்காது.

இப்படிச் சந்தேகம் வந்தால் முதுகுக்கு எம்.ஆர்.ஐதான் சரியான படம். அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. சீழ்க்கிருமி என்றால் இரண்டு முள்ளெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் சீக்கிரமே கெடும். காசநோய் என்றால் டிஸ்க் பெரும்பாலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், பக்கத்தில் பெரிய சீழ்க்கட்டி இருக்கும். ஓர் இடத்தில் காசநோய் தெரிந்தால், நடுவில் நல்ல எலும்பை விட்டுவிட்டு வேறோர் இடத்திலும் இருக்கலாம். அதனால்தான் டாக்டர் முழு முதுகெலும்புக்கும் படம் கேட்டால் 'பில்லைக் கூட்டப் பார்க்கிறார்' என்று உடனே நினைக்காதீர்கள்.

காலில் பலம் குறைந்தால், மரத்துப்போனால், சிறுநீர் போக முடியாமல் போனால், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போகலாம் என்கிற சமாச்சாரம் இல்லை.

படம் பேர் சொல்லாது

இவ்வளவு தூரம் எம்.ஆர்.ஐ புராணம் பாடியாகிவிட்டது. இப்போது அதன் மறுபக்கம்.

எம்.ஆர்.ஐ சுத்தமாக இருந்தால் எலும்பில் தொற்று இல்லை என்று கிட்டத்தட்ட நம்பலாம். ஆனால் அது 'நீர் கோர்த்திருக்கிறது' என்று காட்டினால், காரணம் தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சர்க்கரையால் உணர்ச்சி போன பாதத்தில் எலும்புகள் தாமாகவே நொறுங்கி உருக்குலையும் சார்கோ என்ற நிலையும் படத்தில் அதே மாதிரி இருக்கும். சமீபத்திய எலும்பு முறிவு, ஆபரேஷன் இவையும் குழப்பும். விதர்பா பக்கமும் நம் நீலகிரியிலும் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கிள் செல் நோயில், ரத்தம் ஓடாமல் செத்துப்போன எலும்பும் தொற்று வந்த எலும்பும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருந்தால் அதைச் சுற்றிப் படம் கலங்கிவிடும்.

அதனால்தான் வேறு படங்களும் இருக்கின்றன.

1. சி.டி. ஸ்கேன்: எலும்பின் ஓட்டைத் துல்லியமாகக் காட்டும். நாள்பட்ட தொற்றில் செத்துப் பிரிந்து உள்ளேயே கிடக்கும் எலும்புத் துண்டைக் கண்டுபிடிக்க இது நல்லது. ஊசி விட்டுச் சதை எடுக்க வழிகாட்டவும் இதுதான்.

2. போன் ஸ்கேன்: டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றி, சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் கடைசிப் படம் எடுப்பார்கள். எங்கோ ஏதோ நடக்கிறது என்று நன்றாகச் சொல்லும். என்ன நடக்கிறது என்று சொல்லாது. மூட்டு வாதத்துக்கும், ஆறிவரும் முறிவுக்கும் அது மின்னும்.

3. வெள்ளையணுக்களுக்கு அடையாளம் போட்டு எடுக்கும் ஸ்கேன்: தொற்றையே தேடுகிற படம். உலோகம் உள்ள இடத்திலும் உதவும். முதுகெலும்பில் அவ்வளவு நம்பக்கூடியதில்லை.

4. பெட் ஸ்கேன்: புற்றுநோய்க்கு எடுப்பதுதானே என்று பயப்பட வேண்டாம். எம்.ஆர்.ஐ எடுக்க முடியாதவர்களுக்கு முதுகெலும்புத் தொற்றைப் பார்க்கவும் இது உதவும்.

5. அல்ட்ராசவுண்ட்: எலும்புக்குள் பார்க்காது. சுற்றியுள்ள சீழைக் காட்டும், எடுக்கவும் வழிகாட்டும்.

இவற்றில் எதுவும் கிருமியின் பெயரைச் சொல்லாது. பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது, கே.ஒய்.சி. இல்லாமல் கடன் கொடுப்பது மாதிரி. எலும்பிலிருந்தோ சீழிலிருந்தோ மாதிரி எடுத்துக் கல்ச்சர் செய்ய வேண்டும். காசநோய்ச் சந்தேகம் என்றால் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையும் வேண்டும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதும் அதில் தெரியவரும். நோயாளி நிலையாக இருந்து, நரம்புப் பாதிப்பு இல்லாமல் இருந்தால், மாதிரி எடுக்கும் வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைப்பதுதான் நல்லது என்று அதே 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். ஊரிலிருந்து கிளம்பும்போதே 'ஒரு கோர்ஸ்' முடிந்திருக்கும், ரயிலில் இன்னொரு கோர்ஸ் பாதி. பிறகு கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வரும். 'அப்போ கிருமியே இல்லையா சார்?' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. மருந்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. எனவே சாப்பிட்ட மருந்தின் பெயரும் தேதியும் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியவை.

காசநோய் என்று உறுதியானால் இடிந்து போக வேண்டாம். படுத்த படுக்கையாக இல்லாமல் நடமாடிக்கொண்டே மாத்திரையால் முதுகெலும்புக் காசநோயைக் குணமாக்கலாம் என்று காட்டிய ஆய்வுகளில் நம் சென்னையிலும் நடந்தவை உண்டு. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். நிக்ஷய் பதிவு நாடு முழுக்க ஒன்றுதான். டிரான்ஸ்ஃபர் ஆனாலும் பதிவைப் புது ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். எலும்புக்கு மருந்து காலம் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். நடுவில் நிறுத்தக் கூடாது.

'அப்போ எல்லோருக்கும் எம்.ஆர்.ஐயா?'

இல்லவே இல்லை. இதைப் படித்துவிட்டு, சிலிண்டர் தூக்கி முதுகு பிடித்தவரெல்லாம் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டாம். பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகச் சரியாகும். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஏதாவது வரும். அந்த ரிப்போர்ட்டைப் படித்துப் படித்தே வலி வந்துவிடும் :-)

டாக்டர் நண்பர்கள் சொல்லும் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. எல்லாப் புண்ணுக்கும் எம்.ஆர்.ஐ எழுதினால் ஏழைகள் சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணம் படத்திலேயே கரைந்துவிடும். சர்வதேசச் சர்க்கரைப் பாத வழிகாட்டுதலும் முதலில் கம்பிப் பரிசோதனை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்றுதான் சொல்கிறது. அதிலும் தெளியாவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. தாலுகா ஊரில் எம்.ஆர்.ஐ இல்லையா? இரண்டு மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேவை மறுபடி எடுத்து ஒப்பிடுவது சில நூறு ரூபாய்தான். நான் கேட்பது பெரிய மெஷினை இல்லை, அந்த இரண்டாவது தேதியை.

சிகிச்சை முடியும்போதும் இதே கதைதான். வலி குறைந்து, சி.ஆர்.பி. இறங்கி, ஆள் எழுந்து நடக்கும்போது, 'மறுபடி எம்.ஆர்.ஐ எடுத்து உறுதி பண்ணிடலாமே' என்று நம் பக்கத்திலிருந்தே கேட்போம். வேண்டாம். எலும்பு குணமாகும்போது படம் பின்தங்கியே இருக்கும். ஆள் தேறினாலும் படம் மோசமாகத் தெரியலாம். குணம் தெரியாதவருக்குத்தான் மறுபடம் தேவை.

பணமும் காகிதமும்

இது என் ஏரியா, அதனால் பாயிண்ட் பாயிண்டாக.

முதலில் இன்ஷூரன்ஸ். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் வராது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலில் நான்காவது அதுதான். 'ஒரு நாள் அட்மிட் பண்ணிட்டா எம்.ஆர்.ஐ ஃப்ரீ' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியில் எடுத்த எம்.ஆர்.ஐக்குப் பிறகு அதே நோய்க்காக அட்மிட் ஆனால், முந்தைய 30 நாள் செலவு, சில பாலிசிகளில் 60 நாள் செலவு, கேட்டு வாங்கலாம். அதற்கு டாக்டர் சீட்டும் பில்லும் ரிப்போர்ட்டும் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். அப்பா பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலை வடக்கே சர்நேம் ஆக்கிவிடுவார்கள். கவுண்டரிலேயே திருத்துங்கள்.

அடுத்து படங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ எடுத்து அனுப்பிய ஃபிலிம் ஒப்பிட உதவாது. ஸ்கேன் சென்டரில் குறுந்தகடோ லிங்கோ கேட்டு வாங்குங்கள். ஊரில் எடுத்த பழைய எக்ஸ்ரேவைத் தூக்கிப் போடாதீர்கள். பெற்றோர் ரயில் ஏறும்போது ஊறுகாய் ஜாடிக்கு முன்னால் அந்தக் கவர் பையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எம்.ஆர்.ஐக்குப் போகும் முன்: பேஸ்மேக்கர், காதுக்குள் கருவி, பழைய ஆபரேஷன் உலோகம் எதையும் மறைக்காதீர்கள். கிட்னி பலவீனமானவர் என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி போடும் முன் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். எலும்பு மஜ்ஜையைப் பார்க்கப் பல சமயம் அந்த ஊசி இல்லாமலே படம் போதும், கேட்டுப் பாருங்கள். தாலிக்கொடி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். அம்மாக்கள் அந்த அறை வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உலோகம் எதுவும் கோர்க்காத வெறும் மஞ்சள் கயிறு ஒன்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் மனசும் ஆறும், மெஷினுக்கும் பிரச்சினை இல்லை.

கடைசியாக, சில ஆயிரம் மிச்சம் பிடிக்க எம்.ஆர்.ஐயைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு. கேள்வி அதுவரை தெளியாமல் இருந்தால், தள்ளிப்போட்டது சேமிப்பு இல்லை. விரலில் முடிய வேண்டியது பாதத்துக்கும், பாதத்தில் முடிய வேண்டியது முழங்காலுக்கும் போகும். அதன் விலை எந்த பில்லிலும் முழுசாக வராது.

டாக்டரிடம் கேட்க மூன்றே கேள்விகள்:

1. இந்தப் படம் எதை இல்லை என்று உறுதியாகச் சொல்கிறது, எதை இன்னும் சொல்லவில்லை?
2. புண் அல்லது வலி குறையாவிட்டால், எந்தத் தேதியில், எந்தப் படம்?
3. மருந்து ஆரம்பிக்கும் முன் கிருமியின் பெயர் தெரிய மாதிரி எடுக்க முடியுமா?

இதை மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். நான் கேட்டவர்கள் யாரும் கோபப்பட்டதில்லை. பதிலை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த டிரான்ஸ்ஃபர் எந்த ஊருக்கோ, அடுத்த டாக்டர் யாரோ. அந்தத் தேதி எழுதிய சீட்டு நம்மோடு வந்தால் போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவரின் காலையோ முதுகையோ நேரில் பார்த்தவர் சொல்வதுதான் கணக்கு. உங்கள் ஊரில் அனுபவம் ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மருத்துவமனை பெயர் மட்டும் வேண்டாம்.